நடுவில் நின்றவள்

எந்த வீட்டுக்குப் போனாலும் அவள் முதலில் ஜன்னலைத்தான் தேடுவாள். வீட்டுக்காரர்கள் உட்காரச் சொல்வதற்குள் திரையை ஒரு சாண் விலக்கி, விழுகிற வெளிச்சத்தில் உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பாள். கையில் நிழல் எப்படி விழுகிறதோ அதைக்கொண்டு யாரை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வாள். கணவனுக்குக் காமிரா, அவளுக்கு வெளிச்சம். அதனால் அவன் அவளை 'லைட்டு' என்றே கூப்பிடுவான். கல்யாணமான புதிதில் கேலியாக வைத்த பெயர். மகள் பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அது மாறவில்லை.

ஊர் முடிகிற இடத்தில் இருந்த அந்தப் பழைய வீட்டிலும் அவள் நேரே ஜன்னலுக்குத்தான் போனாள். கனமான திரை. விலக்கியதும் தூசி எழுந்தது. வெகுநாள் திறக்காத பெட்டியின் வாசனையும் அதற்கடியில் மருந்து வாசனையும் அறையில் தங்கியிருந்தன.

"வெளிச்சத்துக்குப் பஞ்சமான வீடுங்க," என்றாள் கணவனின் காதருகே.

"அதுக்குத்தானே உன்னைக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன்."

"கட்டிக்கிட்டு வந்தவரு ஸ்டாண்டைத் தூக்கிட்டு வாங்க. நான் ஒருத்தியே சுமக்க முடியாது."

வீட்டில் இருந்தது இரண்டு பேர்தான். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும். ஒரே மகள் போன வருஷம் காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். வீட்டில் படமெடுப்பதெல்லாம் அந்த மகள்தானாம். அப்பாவையும் அம்மாவையும் நிற்க வைத்து எடுத்துத் தள்ளியிருக்கிறாள். அவளுடைய தனிப் படங்களும் உண்டு. மூன்று பேரும் சேர்ந்து நிற்கிற படம் மட்டும் ஒன்றுகூட இல்லை.

"எங்க நடுவுல அவ நிக்கணும்," என்றாள் அந்த அம்மா. "அவ்வளவுதான் தம்பி. வேற ஒண்ணும் வேண்டாம்."

இது அவர்களுக்குப் பழகிய வேலை. குடும்பப் படத்தில் ஒருவர் இல்லையென்றால் அவருடைய இடத்தில் லைட்டு நிற்பாள். வெளிநாட்டில் இருக்கும் மகன், பிரசவத்துக்குப் போன மருமகள், சில சமயம் இறந்தவர்கள். அவர்களுடைய உடுப்பைப் போட்டுக்கொண்டு, அவர்கள் நிற்கிற மாதிரியே நிற்பாள். பிறகு கம்ப்யூட்டரில் அவள் முகத்தை எடுத்துவிட்டு அவர்கள் முகத்தை வைப்பார்கள். தோளும் தோளும் உரசுகிற இடத்தில் நிஜமான ஆள் நின்றால்தான் படம் நம்பும்படி இருக்கும் என்பது அவன் கட்சி.

ஒரு தரம் படம் முடியுமுன் அவள் நகர்ந்துவிட்டதால் காரியம் கெட்டுப்போனது. அன்றிலிருந்து ஒரு வழக்கம். அவன் "லைட்டு, வா" என்று சொல்கிறவரை அவள் இடத்தைவிட்டு அசைவதில்லை. ஒரு தடவை விளையாட்டுக்காக அவன் கூப்பிடாமல் டீ குடிக்கப் போய்விட்டான். திரும்பி வந்தபோதும் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். அதன் பிறகு அவன் அந்த விளையாட்டை விளையாடவில்லை.

அந்த அம்மா உள்ளே போய் நீல நிறக் கம்பளிச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்தாள். லைட்டு அதைப் போட்டுக்கொண்டு இருவருக்கும் நடுவில் நின்றாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அசையாதீங்க. இதோ முடிஞ்சுது."

ஷட்டர் விழுந்த சத்தத்தோடு கரண்ட் போனது.

சாயங்காலம்தான். ஆனாலும் அந்த வீட்டில் சட்டென்று இருட்டு கட்டியது. அந்த அம்மா குரலெடுத்து அழத் தொடங்கினாள். வாத்தியார் தண்ணீருக்கு ஓடினார். கால் இடறி ஸ்டாண்டு சாய்ந்தது. அவன் காமிராவை ஒரு கையிலும் ஸ்டாண்டை ஒரு கையிலும் அள்ளிக்கொண்டு, "நாங்க வர்றோம்மா, நீங்க படுத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

பின்னாலேயே காலடிச் சத்தம் கேட்டது. அதனால் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் காரில் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நீலச் சட்டையைக் கழற்றியிருக்கவில்லை.

"என்ன மகாராணி, இன்னைக்கு நான் டிரைவரா?"

"பரவாயில்லை," என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.

களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அவன் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் கரண்டி.

"அண்ணா, உப்பு எங்க இருக்கு?"

அவன் சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

அதில் கேலி இல்லை.

அதன்பிறகு அவள் திரைகளையெல்லாம் இழுத்து மூடினாள், கண் கூசுகிறது என்று. படுக்கையைக் குழந்தையின் அறைக்கு மாற்றிக்கொண்டாள். காலையில் குழந்தையின் தலையை இரட்டைப் பின்னலாக, இறுக்கி, ஒரு முடி பிசிறாமல் பின்னிவிட்டாள். லைட்டுக்குப் பின்னத் தெரியாது. அள்ளி ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு அனுப்புகிறவள்.

"அம்மா இல்லப்பா அது," என்றாள் குழந்தை, ஷூவை மாட்டிக்கொண்டே. பயந்த மாதிரி இல்லை. "ஆனா நல்ல அக்கா."

அன்று பகலில் அவன் காமிராவைக் கம்ப்யூட்டரில் இணைத்தான். வாத்தியார் வீட்டுப் படம் நன்றாகவே வந்திருந்தது. அதற்குப் பிறகு இன்னொரு படமும் இருந்தது. காமிராவை அவசரமாகத் தூக்கியபோது விரல் பட்டு விழுந்த படம். சாய்ந்திருந்தது, கலங்கியிருந்தது. ஓரத்தில் வாசல். நீலச் சட்டை போட்ட ஒருத்தி முதுகைக் காட்டியபடி வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

அறையின் நடுவில், அதே இடத்தில், நீலச் சட்டையோடு லைட்டு நின்றுகொண்டிருந்தாள்.

அவனைப் பார்த்து. அசையாமல்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவன் கூப்பிடவில்லை.

எழுந்து குழந்தையின் அறைக்கு ஓடினான். அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். "லைட்டு, வா," என்றான். "லைட்டு. வாடி."

அவள் தன் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"யாரைக் கூப்பிடுறீங்க?"

மாலையில் வாத்தியார் போன் செய்தார். தாழ்ந்த குரலில் பேசினார், பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"படத்துக்காக இல்லை தம்பி. இங்க ஒரு விஷயம். ஜன்னல் திரை தானா விலகுது. நான் மூடுறேன், மறுபடியும் ஒரு சாண் விலகியிருக்கு. என் வீட்டுக்காரி, மக வந்துட்டான்னு சோறு தண்ணி இல்லாம அந்த அறையிலயே உட்கார்ந்திருக்கா. என் மகளுக்கு வெளிச்சமே ஆகாது தம்பி. திரையைத் திறந்தாலே சண்டை போடுவா. அப்ப இது யாரு?"

அவன் போனைப் பிடித்தபடி சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். அந்த அறையில் யார் கண்ணிலும் படாமல் திரையை விலக்கி, உள்ளங்கையை நீட்டி, வெளிச்சம் பார்த்துக்கொண்டு லைட்டு காத்திருக்கிறாள்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். அந்த நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அதையும் கூட்டிக்கொண்டான். போகிற இடம் எது என்று அவன் சொல்லவில்லை. ஊர் எல்லையில் கார் திரும்பியதும் பின்சீட்டிலிருந்து விசும்பல் கேட்டது.

"இது எங்க வீட்டுக்குப் போற ரோடு," என்றாள்.

வாசலில் வாத்தியார் நின்றிருந்தார். அவள் அவரைத் தாண்டி, செருப்பைக் கழற்றி, கதவுக்குப் பின்னால் இருந்த இடத்தில் பார்க்காமலே வைத்துவிட்டு உள்ளே போனாள். வாத்தியார் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தூணைப் பிடித்துக்கொண்டார்.

அறைக்குள் அந்த அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் வேறு, உயரம் வேறு, வயசு வேறு. ஒன்றையும் அவள் பார்க்கவில்லை.

"ஏன்டி இவ்வளவு இளைச்சுட்ட?" என்றாள்.

"போம்மா. நீதான் இளைச்சிருக்க."

இருவரும் கையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியாரும் போய் மறுபக்கத்தில் உட்கார்ந்தார். ஜன்னல் திரை ஒரு சாண் விலகியிருந்தது. அந்தக் கீற்று வெளிச்சம், அளந்து வைத்தாற்போல, மூன்று பேர் முகத்திலும் விழுந்தது.

அந்த வெளிச்சத்தை யார் வைத்தது என்று அவனுக்குத் தெரியும்.

கேட்காமலேயே காமிராவை எடுத்தான். ஒரே ஒரு படம். பிறகு காமிராவைத் தரையில் வைத்தான்.

"லைட்டு, வா."

ஒன்றும் நடக்கவில்லை. அந்த அம்மாவின் விரல்கள் மகளின் மணிக்கட்டில் இறுகியிருந்தன.

"கையை விடுங்கம்மா. நீங்க பிடிச்சிருக்கிறவரைக்கும் அவ வரமாட்டா."

"உனக்கு உன் வீட்டுக்காரி வேணும்," என்றாள் அந்த அம்மா. குரலில் கோபமில்லை. "எனக்கு என் மக வேணும். நீ சொல்லு தம்பி. எது பெரிசு?"

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். கணக்கில் எந்தத் தப்பும் இல்லை, விடை மட்டும் கிடையாது.

வாசலில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை அப்போதுதான் உள்ளே வந்தது. தரையில் உட்கார்ந்திருந்த யாரையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்குப் பக்கத்தில், ஒருவரும் இல்லாத இடத்தைப் பார்த்துக் கையை நீட்டியது.

"அம்மா, இங்கதான் இருக்கியா? வாம்மா. வீட்டுக்குப் போலாம்."

அந்த அம்மா குழந்தையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஒரு பிள்ளை அம்மாவைத் தேடிக் கூப்பிடும் குரலை அந்த வீட்டில் ஒரு வருஷமாக யாரும் கேட்டிருக்கவில்லை.

ஒவ்வொரு விரலாக விட்டாள்.

"போ கண்ணு," என்றாள் மகளிடம். "போ."

அவன் மறுபடி கூப்பிட்டான். திரை ஒருமுறை அசைந்து, தானாக மூடிக்கொண்டது. இருட்டில் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

"ஏங்க." அவளுடைய குரல், அவளுடைய எரிச்சல். "எவ்வளவு நேரம்தான் ஒருத்தி நிப்பா? கால் ரெண்டும் கழண்டு விழுது."

அவன் அவளைக் கட்டிக்கொண்டு அழுதான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. காரில் முன்சீட்டில் உட்கார்ந்தபடி, போகும் வழியெல்லாம் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

"எல்லாரும் போயிட்டீங்க," என்றாள் பாதி வழியில். "வெளிச்சம் வந்துச்சு, போச்சு, வந்துச்சு. அந்த அம்மா என் முன்னாடியே உட்கார்ந்து யாரையோ கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. நான் அவ இல்லைன்னு சொன்னேன். அவங்களுக்குக் கேக்கலை. நீங்க கூப்பிடுவீங்கன்னு நின்னேன்."

அதற்குப் பிறகு அவர்கள் யாருடைய இடத்திலும் நிற்கிற வேலையை ஒப்புக்கொள்ளவில்லை. இல்லாதவர்கள் இல்லாமலே படத்தில் இருக்கட்டும் என்று சொல்லிவிடுவான். சிலர் வருத்தப்பட்டார்கள். சிலர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் திரைகள் திறந்தன. உப்பு பழைய இடத்துக்கு வந்தது. குழந்தையின் தலையில் ரப்பர் பேண்டு ஏறியது.

"அந்த அக்கா நல்லாப் பின்னுவாங்க," என்று மட்டும் ஒருநாள் முணுமுணுத்தது குழந்தை.

"ஆமா, உங்கம்மாவுக்கு வராத வேலையெல்லாம் அந்த அக்காவுக்கு வரும். தலையைக் காட்டு," என்றாள் லைட்டு.

கடைசியாக எடுத்த படத்தைச் சட்டம் போட்டு அனுப்பியிருந்தான். முகத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை, நடுவில் அந்த மகளின் முகமே விழுந்திருந்தது. ஏன் என்று அவன் மனைவியிடம் சொல்லவில்லை, படத்தை அவளுக்குக் காட்டவும் இல்லை.

படம் போய்ச் சேர்ந்த காலையில் அந்த அம்மாவே போன் செய்தாள். அவன் கூடத்து ஜன்னலருகே நின்று பேசினான். வெளியே லைட்டு ஈரத்துணிகளை உதறிக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாயில் இரண்டு கிளிப்புகளைக் கடித்துக்கொண்டு, அவனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள், யார் என்று.

"படம் கிடைச்சுது தம்பி," என்றாள் அந்த அம்மா. "எங்க நடுவுல அழகா இருக்கா. இப்ப திரை அசையுறதே இல்லை. வீடு அப்படியே அடங்கிப்போச்சு. கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், ஒரு சத்தம் இல்லை." மூச்சை இழுத்துவிட்டுக் கேட்டாள். "அவ நிம்மதியாப் போயிட்டாதானே? வழியில எங்கயும் நின்னுட மாட்டாளே?"

அவன் வாயைத் திறந்தான்.

பின்னால், குழந்தையின் அறையில், யாரோ திரையை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து சீப்பு முடியில் இறங்கும் சத்தம்.

"மெதுவாக்கா," என்றது குழந்தையின் குரல், சிணுங்கலாக. "வலிக்குது."