வெறும் அறையின் சத்தம்

ஹெட்ஃபோனைக் கழற்றிய பிறகும் ரோவினாவின் மூச்சு லீனாவுக்குக் கேட்கவில்லை.

மற்றதெல்லாம் கேட்டது. மழைக்கு முந்தைய காற்றில் பால்கனிக் கதவு லொடலொடவென்று ஆடுவது, பக்கத்து வீட்டு மங்களம் அக்காவின் குக்கர் விசில், தெரு முனையில் இரண்டு ஆட்டோக்காரர்கள் ஒருவர் வம்சத்தை ஒருவர் இழுத்துப் பேசுவது, வியாழக்கிழமை என்பதால் குழந்தை ஏசு கோயில் ஒலிபெருக்கியிலிருந்து மொட்டை மாடிகளைத் தாண்டித் தாண்டி வரும் நவநாள் ஜெபம், எல்லாம் ஒன்று விடாமல் காதில் விழுந்தது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், கட்டிலில் தூங்குகிற ஆறு வயது மகளின் மூச்சு மட்டும் இல்லை.

சட்டென்று நெஞ்சில் கை வைத்தாள். ஏறி இறங்கியது. மூக்கருகே விரலைக் கொண்டுபோனாள். சுடச்சுடக் காற்று பட்டது. "மாதாவே" என்று கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ரோவினாவின் மூச்சு மற்றக் குழந்தைகளின் மூச்சு போல இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே வீசிங். மழை வந்தால், யாராவது சாம்பிராணி போட்டால், எதிர்வீட்டில் சுவரை இடித்தால், நெஞ்சுக்குள் ஒரு விசில் ஆரம்பித்துவிடும். அந்த விசிலைக் கேட்டுக் கேட்டுத்தான் லீனா அவளை வளர்த்தாள். சன்னமாக இழுத்தால் வெந்நீர் போதும். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் இழுத்தால் நெபுலைசர். அதற்கும் மேலே போனால் ஆஸ்பத்திரி. கணவன் டேரில் கப்பலில் சமையல்காரன், வருஷத்தில் பாதி கடலில் கழியும். வீட்டில் குழந்தைக்கு இருந்தது லீனாவின் இரண்டு காதுகள்தான்.

காது அடைத்திருக்கும் என்று நினைத்தாள். மத்தியானம் முழுக்க ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பாட்காஸ்ட் எடிட் செய்தால் அடைக்காமல் என்ன செய்யும்?

'அந்தப் பக்கம் யாரு' என்பது பாட்காஸ்டின் பெயர். வைட்ஃபீல்ட் ஆபீஸ் வண்டியில் டிராஃபிக்கில் நின்று நின்று போகிற நேரத்தில் பேய்க்கதை, மர்மக் கொலை, காணாமல் போனவர்கள் என்று ஊரில் இருக்கிற பாட்காஸ்டையெல்லாம் கேட்டுத் தீர்த்துவிட்டு, "இதைவிட நாம நல்லாவே பண்ணலாம்டா" என்று பக்கத்து சீட் ஜாய்சனோடு சேர்ந்து ஆரம்பித்தது. கதை சொல்வது லீனா, நெட்டில் ஏற்றுவது அவன். லீனா பேயை நம்புகிறவள் இல்லை. வாரத்துக்கு ஒரு பேய் வேண்டும், அவ்வளவுதான்.

விவேக் நகரில் அமைதிக்கு எங்கே போவது? அதற்கொரு வழி உண்டு, இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற வழி. பேச ஆரம்பிக்கும் முன் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா பதிவு செய்வார்கள். ஃபேன், தெரு, பக்கத்து வீட்டு மோட்டார், அந்த அறையில் எப்போதும் இருக்கிற சத்தம் அதில் விழும். அதை சாஃப்ட்வேரிடம் காட்டி, இதுதான் வேண்டாத சத்தம் என்று சொல்லிக் கொடுத்தால், பேச்சில் அது எங்கெல்லாம் கலந்திருக்கிறதோ அங்கெல்லாம் தேடித் துடைத்துவிடும். லீனாவும் ஜாய்சனும் அந்தப் பதிவை 'வெறும் அறை' என்பார்கள்.

இன்று எடுத்த வெறும் அறையில் ரோவினா தூங்கிக்கொண்டிருந்தாள். சளி என்று ஸ்கூலுக்கு அனுப்பவில்லை, லீனாவும் லீவு போட்டிருந்தாள். நெஞ்சு சன்னமாக விசிலடித்தது. அது மைக்கில் விழும் என்று லீனாவுக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுத்தாள். போன வாரம் கேட்ட ஒருவர், 'அக்கா, உங்க குரலுக்குப் பின்னாடி யாரோ இழுக்குறாங்க, பயமா இருக்கு' என்று எழுதியிருந்தார். ஜாய்சன் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தான். லீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை, என் பிள்ளை மூச்சு உனக்குப் பேயாடா என்று எரிச்சல்தான் வந்தது. அதனால் இந்த முறை அந்த விசிலையும் சேர்த்துக் காட்டி, நீக்கு என்று அமுக்கினாள்.

சுத்தமாகப் போய்விட்டது.

ரோவினா கண்ணைத் திறந்தாள். எழுந்து உட்கார்ந்தாள். வாயை அசைத்தாள்.

"என்னடா கண்ணு?"

மறுபடி அசைத்தாள். உதடு ஒட்டிப் பிரிந்தது, பல் தெரிந்தது, தொண்டை நரம்பு துடித்தது. குரல் வரவில்லை.

"ரோவி, விளையாடாத. அம்மாவுக்குக் கோவம் வரும்."

குழந்தையின் முகம் கோணியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. வாயை அகலத் திறந்து அழுதாள், உள்நாக்கு தெரிய அழுதாள், கட்டிலைக் காலால் உதைத்து உதைத்து அழுதாள். கட்டில் கிறீச்சிட்டது கேட்டது. அழுகை கேட்கவில்லை.

கதவு தடதடவென்று தட்டப்பட்டது. மங்களம் அக்கா, கையில் கரண்டியோடு.

"ஏம்மா லீனா, புள்ள இந்தக் கத்து கத்துது, இன்னா பண்ணிட்டிருக்க உள்ள?"

லீனா அவள் தோளை இரண்டு கையாலும் பிடித்தாள். "அக்கா, உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குதாவா? தெருவுக்கே கேக்குது! அம்மா அம்மான்னு தொண்ட கிழியுது அதுக்கு. நெஞ்சு வேற கிய்யு கிய்யுன்னு இழுக்குது. மிஷினை எடு முதல்ல."

அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். லீனா நெபுலைசரில் மருந்தை ஊற்றினாள், பாதி தரையில் சிந்தியது. மாஸ்க்கை மாட்டி ஸ்விட்சைப் போட்டாள். மிஷினின் கொரகொரப்பு கேட்டது. மருந்து வாசனைகூட வந்தது. காதுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது, நாளைக்கே டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காதைச் சோதித்துப் பார்க்கத்தான் ஹெட்ஃபோனை மாட்டி, வெறும் அறையை ஓட விட்டாள்.

ஃபேன் சத்தம். தூரத்தில் ஒரு ஹாரன். அப்புறம், விசில்.

ரோவினாவின் விசில்! லீனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே போகும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று. இரட்டை இழுப்பு.

மத்தியானம் சன்னமாகத்தானே இருந்தது?

அவள் மெல்லத் திரும்பினாள். மங்களம் அக்காவின் மடியில் குழந்தையின் விலா உள்வாங்கியது. ஹெட்ஃபோனில் விசில் உள்ளே போனது. விலா விரிந்தது. விசில் வெளியே வந்தது. குழந்தை இருமினாள். ஹெட்ஃபோனில் இருமல்.

"அம்மா" என்றது மத்தியானம் பதிவான அந்த ஃபைல். மாஸ்க்குக்குள் ரோவினாவின் உதடு அதே நேரத்தில் ஒட்டிப் பிரிந்தது. "ஏம்மா பேச மாட்டேங்கற? நான் கூப்படறேன்ல?"

லீனா ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கேக்குதுடா. இப்பக் கேக்குது. பேசு, பேசிட்டே இரு."

"அம்மா, மூச்சு வர—"

ஃபைல் முடிந்தது. கொஞ்ச நேரப் பதிவுதானே. லீனா மறுபடி ஓட விட்டாள். ஃபேன், ஹாரன், விசில். "—கொஞ்சம் நல்லாருக்கும்மா." முடிந்தது. மறுபடி அமுக்கினாள். விசில் தளர்ந்திருந்தது, ஒற்றையாகியிருந்தது. மருந்து வேலை செய்தது. என் பிள்ளை இதற்குள் இருக்கிறாள், இருக்கட்டும், கேட்கிறதே அது போதும் என்று லீனா பைத்தியம் மாதிரி அமுக்கிக்கொண்டே இருந்தாள். அந்தச் சின்ன ஃபைலை விட்டால் தன் மகளிடம் போக இனி வழி கிடையாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஃபைல் அவளும் ஜாய்சனும் பொதுவாக வைத்திருக்கிற நெட் ஃபோல்டரில் இருந்தது. ஒரு கையால் போனை எடுத்தாள்.

"ஜாய்சன், வெறும் அறையைத் தொடாதடா. இன்னிக்கு எடுத்ததை. கை வெக்காத."

"ஏ லீனா, எபிசோடு சும்மா தூள்மா. கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு மூச்சு இல்ல."

"ஃபைலைத் தொடாதன்னு சொல்றேன்ல!"

"எதை, அந்தச் சும்மா சத்தத்தையா? ஃபோல்டர் ஃபுல்னு காட்டுச்சு. பழசு புதுசு எல்லாத்தையும் இப்பதான் தூக்கிட்டிருக்கேன்."

"நிறுத்து. நிறுத்துடா! உன் கால்ல விழறேன்."

"இன்னா ஆச்சு உனக்கு? அதுல ஒண்ணுமே இல்லயே."

ஹெட்ஃபோனில் ரோவினா சொல்லிக்கொண்டிருந்தாள். "அம்மா, இப்ப நல்லா—"

அறுந்தது.

திரையில் ஃபைல் இருந்த இடம் காலி.

"திருப்பிக் கொண்டு வாடா!"

"குப்பையும் சேர்த்துக் காலி பண்ணிட்டேனே. லீனா? அழுறியா? இரு, நான் வர்றேன்..."

போன் கையிலிருந்து நழுவியது. மங்களம் அக்கா குனிந்து குழந்தையைப் பார்த்தாள்.

"அப்பாடா. தூங்கிட்டா பாரு."

ரோவினா தூங்கவில்லை. அக்காவின் மடியில் வில்லாக வளைந்து, மாஸ்க்கைப் பிய்த்து எறிந்துவிட்டு, வாயைத் திறந்து அலறிக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணும் லீனாவையே பார்த்தன.

"அக்கா, அவ கத்துறா."

"எங்க கத்துறா? சத்தமே காணோம்." அக்கா குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். முகம் மாறியது. "லீனா... கை சில்லுனு இருக்கே. மூச்சு காணோம்மா. லீனா, புள்ளைக்கு மூச்சு இல்லம்மா!"

"கண்ணைப் பாருங்க அக்கா! உங்க முந்தானையைப் புடிச்சு இழுக்குறா, பாருங்க!"

மங்களம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

லீனா குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடினாள். படியில் செருப்பு கழன்றது. வெளியே மழை. நவநாள் முடிந்து கூட்டம் கோயிலிலிருந்து தெருவை அடைத்துக்கொண்டு வந்தது, குடை குடையாக. மெழுகுவத்தி வாசனை, ஈரத் துணி வாசனை, பஜ்ஜி எண்ணெய். ஆட்டோ எதுவும் நகரவில்லை. "வழி விடுங்க! ஜாக பிடி! ஜாக பிடி!" என்று தமிழிலும் கன்னடத்திலும் கத்திக்கொண்டே இடித்துத் தள்ளிப் போனாள். ரோவினா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். இறுக்கமாக. நகம் பதிய. வழிவிட்டவர்கள் குழந்தையைப் பார்த்தார்கள். பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

எதற்குச் சிலுவை?

எதற்கு?

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். இடம் மாற்றி வைத்தார். விரலில் கிளிப் மாட்டினார், அதன் திரையில் வெறும் கோடு. கண்ணில் டார்ச் அடித்தார். ரோவினா கூச்சத்தில் கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. நெஞ்சை அமுக்கினார், ரொம்ப நேரம் அமுக்கினார், வியர்க்க வியர்க்க அமுக்கினார். பிறகு கையை எடுத்தார்.

"எப்போதிருந்தும்மா பேச்சு மூச்சு இல்லாம இருக்கு?"

"இருக்கு டாக்டர். மூச்சு இருக்கு. கேக்காது, அவ்வளவுதான். கையை வெச்சுப் பாருங்க. காத்து வருது."

"அம்மா..." என்றார் டாக்டர்.

"பேசிட்டிருக்கா டாக்டர்! வாயைப் பாருங்க! நான்தான் அழிச்சேன், நான்தான் வேண்டாத சத்தம்னு சொன்னேன், சத்தம் மட்டும்தான் போச்சு, பிள்ளை இருக்கா, மருந்து குடுங்க, மருந்து குடுத்தா இழுப்பு தளரும், உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன்!"

டாக்டர் நர்ஸைப் பார்த்துத் தலையசைத்தார். மங்களம் அக்கா மூச்சு வாங்க ஓடிவந்து லீனாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். ஒரு வார்டு பாய் வேறு பிடித்தான். "ஆச்சே பன்னி அம்மா, வெளிய வாங்க" என்றான், கன்னடமும் தமிழுமாக. லீனா கடித்தாள். அவன் கையை விடவில்லை.

நர்ஸ் நல்ல பெண். கண் கலங்கியிருந்தாள். குழந்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடியை ஒதுக்கினாள். பஞ்சு உருளையிலிருந்து ஒரு துண்டு கிள்ளினாள்.

"வேணாம்! மூக்குல வேணாம்! அவளுக்கு வீசிங்!"

பஞ்சை உருட்டினாள். சின்னதாக, மெதுவாக. ஒரு பக்கம் வைத்தாள். ரோவினாவின் தலை இப்படியும் அப்படியும் ஆடியது.

மறு பக்கம்.

வாயைத் திறந்தாள் ரோவினா. அம்மா.

நர்ஸ் தாடைக்கடியில் துணிப்பட்டையைக் கொடுத்தாள். வாயை மூடினாள். உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள்.

நெஞ்சு மேலே எழும்பியது.

குழந்தையின் இரண்டு கண்ணும் லீனாவைப் பார்த்தபடி இருக்க, ரோவினாவின் ஐந்து விரலும் நர்ஸின் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன.