லாயத்தில் ஒரே மூச்சு

தீவனத் தொட்டியின் இரும்பு மூடியைத் தூக்கியும் ஒரு குதிரைகூடக் கனைக்கவில்லை.

அவள் மூடியில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள். அந்தக் கிறீச்சென்ற ஓசை கேட்டதுமே லாயம் இரண்டுபடும். மாமியார் முதல் ஆளாகக் கதவை உதைக்கும். தனக்கு வைக்காமல் வேறு எதற்காவது வைத்துவிட்டால் அன்று முழுக்க முகம் கொடுக்காத கிழட்டுச் சாம்பல் பெட்டை அது. திருடன் காலி வாளியைப் பல்லால் கவ்வி ஆட்டும். வக்கீல் எதற்கும் மறுத்துப் பேசும் ஜாதி. தீவனத்துக்கே இரண்டடி பின்வாங்கி, யோசித்து, பிறகுதான் வரும். தொட்டாச்சிணுங்கி மூலையில் ஒடுங்கி நின்று, ஆள் நகர்ந்த பிறகே வாய் வைக்கும். எல்லாம் அவள் வைத்த பெயர்கள். கொஞ்சுவதற்காக வைத்தவை அல்ல. சவாரி பழக வருகிறவர்கள் எந்தக் குதிரையிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிடலாமே என்று வைத்தது.

அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக ஒரு மாதம் போல அவள் வெளியூரில் இருந்தாள். அதுவரை லாயத்தை அண்ணன் பார்த்துக்கொண்டான். இன்று மழையோடு வந்து இறங்கி, பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக இங்கே வந்திருந்தாள். வீட்டு வாசலில் நின்ற அண்ணி மட்டும் குடையை நீட்டி, "வந்ததும் வராததுமா அவர்கிட்ட வாய் குடுக்காத" என்று முணுமுணுத்தாள். எதற்காக என்று கேட்பதற்குள் அண்ணி உள்ளே போய்விட்டாள்.

இரு பக்கமும் கொட்டடிகள் இருந்த நீண்ட நடையில் அவள் மெல்ல நடந்தாள். சாயங்கால வெளிச்சம் மழையில் கரைந்து, தகரக் கூரைக்குக் கீழே அழுக்குத் தண்ணீர் நிறத்தில் தேங்கியிருந்தது. வைக்கோல், வியர்வை, ஈரத்தோல் எல்லாம் கலந்த பழகிய வாசனை இல்லை. பினாயில் நெடி மூக்கைத் துளைத்தது. கூரையில் மழை கொட்டும் சத்தத்துக்கு அடியில் இன்னொரு ஓசை இருந்தது. பெரிய துருத்தி ஒன்றை யாரோ நிதானமாக ஊதுவது போல. உள்ளே. வெளியே. மறுபடி உள்ளே. அது எங்கிருந்து வருகிறது என்று தேடியவளுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. எல்லாக் குதிரைகளும் மூச்சு விடும் ஓசை அது. எல்லாம் சேர்ந்து, ஒரே சமயத்தில்.

நின்ற விதமும் ஒன்றுதான். தலை ஒரே உயரத்தில் தொங்கியது. வலது பின்னங்கால் நுனிக்குளம்பில். கண் திறந்திருந்தது, பார்வை எதிலும் இல்லை.

"டேய் திருடா" என்றாள். சட்டைப்பையில் கேரட் இருந்தது. மூக்கை நுழைத்துப் பையையே கிழித்திருக்க வேண்டிய பயல், அவளைத் தாண்டி எங்கோ பார்த்தபடி நின்றான்.

அவள் அடுத்த கொட்டடிக்கு நகர்ந்தாள். தொட்டாச்சிணுங்கியின் கொட்டடிக்குள் கையை நீட்டி, கழுத்தைத் தொட்டாள். தலைக்கயிறு உரசிய இடத்தில் மயிர் போய்த் தோல் பளபளத்தது. விரல் பட்டால் உடம்பெல்லாம் சிலிர்க்கும் குதிரை அசையவில்லை.

சிலிர்த்தது வக்கீல். எதிர்க் கொட்டடியில். அதே இடத்தில், அதே கழுத்துப் பக்கம். அடுத்து திருடன். அதற்கப்புறம் மாமியார். வரிசை நெடுக அந்தச் சிலிர்ப்பு ஓடி, கடைசிச் சுவர்வரை போய் அடங்கியது.

அவள் கையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?"

அண்ணன் வாசலில் குடையை உதறிக்கொண்டிருந்தான். பரிசு வாங்கிய பிள்ளையின் சிரிப்பு.

"என்ன பண்ணின இதுங்கள?"

"பழக்கினேன். நீ வருஷக்கணக்கா பண்ணாதத நான் ஒரே மாசத்துல முடிச்சிட்டேன். இப்ப யாரு வேணாலும் எதுல வேணாலும் ஏறலாம். இது கடிக்கும், அது மிரளும்னு கதை சொல்லவே வேணாம்."

"எப்படிப் பழக்கின?"

அவன் நடையின் கோடியிலிருந்த பழைய சாமான் அறையைத் தலையால் காட்டினான். அவள் போய்க் கதவைத் தள்ளினாள். ஜன்னலைப் பலகை அடித்து மூடியிருந்தான். சுவரில் தாழ்வாக ஓர் இரும்பு வளையம். தலையை நிமிர்த்தவே முடியாத உயரம். எதிர்ச்சுவரோரம், எட்டாத தூரத்தில், தண்ணீர் வாளி. வளையத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு பெயர்ந்து, பல் பதிந்து, நக்கி நக்கி செங்கல் வழவழத்திருந்தது.

"எல்லாத்துக்கும் ஒரே வைத்தியம்தான்" என்றான் அவன் பின்னாலிருந்து. "அடங்கினப்புறம்தான் தண்ணி. உன் மாமியார் கொஞ்சம் இழுத்தடிச்சா. அவளும் வழிக்கு வந்துட்டா."

"தொட்டாச்சிணுங்கிய இங்கயா கட்டின? அது தன் நிழலப் பாத்தே மிரள்ற ஜென்மம்டா! அதுக்கிட்ட சத்தமாப் பேசக்கூட மாட்டேன் நான்!"

"அதான் கெட்டுக் கிடந்துச்சு. குதிரைன்னா குதிரை. அதுக்கென்ன தனியா ஒரு குணம், தனியா ஒரு மனசு?"

"உனக்கு மனுஷனே அப்படித்தானேடா! வாசல்ல நின்னுட்டு ஒருத்தி மூச்சு விடக்கூட பயந்து பேசறா. அவளையும் வழிக்குக் கொண்டுவந்துட்டியா?"

அவன் சிரிப்பு நின்றது. "நாக்க அடக்கு."

 அவள் அவனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு நடைக்கு ஓடி வந்தாள். முதல் தாழ்ப்பாளைத் தட்டித் திறந்தாள். அடுத்தது. அடுத்தது. கதவுகள் சுவரில் மோதித் திரும்பின. "போங்க! எல்லாம் வெளிய போங்க!" கத்தியதில் குரல் உடைந்தது. ஒரு குதிரைகூட நகரவில்லை. திறந்த கதவுகளுக்குள் தலைகள் தொங்கியபடியே இருந்தன.

"பாத்தியா?" என்றான் அண்ணன், நடையின் நடுவில் நின்று. "நான் சொன்னாத்தான் நகரும்."

குதிரைகளின் மூச்சு நின்றது.

மழைச் சத்தம் மட்டும். துருத்தி ஓசை இல்லை. அவள் காத்திருந்தாள். உள்ளே இழுக்கும் ஓசை வரவேண்டும். வரவில்லை.

பிறகு குளம்புகள். ஒரே ஒரு சத்தம், அத்தனை கால்களுக்கும். எல்லாக் குதிரைகளும் ஒரே அடியில் வெளியே வந்தன.

"நில்லுங்க" என்றான் அவன்.

இன்னோர் அடி.

"ஏய்! நில்லு!" இடுப்பில் செருகியிருந்த சாட்டையை உருவிச் சொடுக்கினான். மாமியாரின் மூக்கில் கோடாக ரத்தம் வந்தது. அது கண்ணைக்கூட இமைக்கவில்லை. வேறெந்தக் குதிரையும் சிலிர்க்கவில்லை. சாம்பல், கறுப்பு, பழுப்பு முதுகுகள் அவனைச் சுற்றி நெருங்கின. உதைக்கவில்லை. கடிக்கவில்லை. சும்மா நெருங்கின. அவன் தலை தெரிந்தது. பிறகு கை. பிறகு அதுவும் தெரியவில்லை.

"தங்கச்சி..."

அவள் ஓடினாள், ஒரு விலாவைத் தள்ளினாள், சுவரைத் தள்ளுவது போலிருந்தது. இடுக்கில்லை. அடித்தாள், கெஞ்சினாள், அவள் வைத்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிட்டாள். எதுவும் திரும்பவில்லை. வட்டத்துக்குள்ளிருந்து முனகல் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அப்புறம் அந்தத் துருத்தி ஓசை மறுபடி தொடங்கியது. உள்ளே. வெளியே.

குதிரைகள் விலகின.

அண்ணன் நின்றுகொண்டிருந்தான். ஒரு கீறல் இல்லை. சாட்டை காலடியில் கிடந்தது. தலை தொங்கியிருந்தது. வலது கால் விரல்நுனியில்.

"அண்ணா."

அவன் வெறும் வாயை மென்றுகொண்டிருந்தான்.

அவள் பின்னால் நகர்ந்தாள். அவனும் ஓர் அடி வந்தான். அவள் திரும்பி, மழையில் இறங்கி, வீட்டை நோக்கி நடந்தாள். தோளுக்கு அரையடி பின்னால் அவன் மூச்சு. அவனுக்குப் பின்னால் ஈர மண்ணில் குளம்புகள். அவள் நின்றாள். எல்லாம் நின்றன.

"விளையாடாதடா!" திரும்பிக் கத்தினாள். "வாயத் திறந்து பேசித் தொலை!" கை தானாகவே ஓங்கிவிட்டது.

எல்லாத் தலைகளும் ஒன்றாகத் தாழ்ந்தன. அவனுடையதும்.

ஓங்கிய கையை இறக்க அவளுக்குத் தெரியவில்லை. 

வீட்டின் பின்கதவு திறந்தது. விளக்கொளி சேற்றில் விழுந்தது. படியில் நின்ற அண்ணி முதலில் அவளைப் பார்த்தாள், பிறகு குதிரைகளை, பிறகு அவற்றின் முன்னால் நனைந்து நின்ற புருஷனை.

"என்னங்க?" என்றாள்.

அவன் முகம் திரும்பவில்லை. இடது காது மட்டும், மெல்ல, அவள் குரல் வந்த பக்கம் திரும்பியது.