வலது பக்கத்துச் சத்தம்

மெஷின் வலது பக்கம் போகும்போது மட்டும் கத்தியது.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி சின்னவன் அந்த மெட்டல் டிடெக்டரைத் திரும்பவும் வீசிப் பார்த்தான். நீளக் கம்பின் நுனியில் இருந்த 'காயில்' என்கிற வட்டத் தட்டு, அடிமணலைத் தடவிக்கொண்டு இடது பக்கத்திலிருந்து சமர்த்தாக வந்தது. அவனுடைய வலது காலை நெருங்கியதும் ஹெட்போனில் ஒரு முனகல் எழுந்தது. காசுக்கும் பாட்டில் மூடிக்கும் வருகிற நறுக்கென்ற சத்தம் இல்லை அது. தூக்கத்தில் புரண்டு படுப்பவரின் அடித்தொண்டையிலிருந்து வருவதுபோல நீளமாக, ஈரமாக இருந்தது. காயிலைத் தள்ளிக்கொண்டு போனால் நின்றது. கிட்டே கொண்டுவந்தால் மறுபடியும்.

"என்னாச்சு தம்பி?" கரையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி. மெஷின் மக்கர் பண்ணுது."

"உங்க குடும்பத்து ஆளுங்க கை பட்டா எதுதான் மக்கர் பண்ணல?"

அவன் சிரித்துவைத்தான்.

மெஷின் அண்ணனுடையது. குளிக்க வந்தவர்கள் கடலில் தொலைத்த மோதிரத்தையும் கம்மலையும் தேடி எடுப்பது அண்ணனுக்கு ஒரு பைத்தியம். போன மாதம் இதே இடத்தில் இறங்கியவன் திரும்பவில்லை. அலை மெஷினை மட்டும் கரையில் கொண்டுவந்து போட்டது. நாளைக் காலையில் முக்குளிக்கிறவர்கள் வந்து உடம்பைத் தேடப்போகிறார்கள்; எல்லாம் அண்ணியின் ஏற்பாடு.

அவர்களுக்கு முன்னால் சின்னவன் ஒன்றை எடுத்தாக வேண்டும். உள்பக்கம் மனைவி பெயர் பொறித்த அவனுடைய கல்யாண மோதிரம். அன்றைக்குக் கடல் பக்கமே வரவில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தான். மோதிரம் பட்டறையில் தொலைந்துவிட்டது என்று வீட்டில் சொல்லியிருந்தான். அண்ணனின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்திருந்த கையிலிருந்து அது கழன்று விழுந்தது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பா வீட்டை முழுசாக அண்ணனுக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். அதைக் கேட்கத்தான் அன்றைக்கு அவன் தண்ணீருக்குள் இறங்கி வந்தான். அண்ணன் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரித்தான். "வீட்டுக்குப் போய்ப் பேசலாம்டா." அந்தச் சிரிப்புதான். அது மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்.

'அண்ணனோட சங்கிலியாவது கிடைக்குதா பாக்குறேன்' என்று மெஷினைக் கேட்டபோது அண்ணி மறுபேச்சு பேசவில்லை. கழுவித் துடைத்து, புது பேட்டரி போட்டுக் கொடுத்தாள். "நானும் வரேன்" என்றாள். அதை மறுக்க அவனுக்குக் காரணம் அகப்படவில்லை. வண்டியில் ஏறும்போது அவள் பையில் இரண்டு துண்டுகள் இருப்பதைப் பார்த்தான்.

"ரெண்டு எதுக்கு அண்ணி?"

"ஒண்ணு நனைஞ்சிட்டா இன்னொண்ணு வேணாமா?"

இப்போது அவன் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். கேபிள் தொளதொளவென்று கிடந்தால் மெஷின் வீணாகக் கத்தும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான்; அதைக் கம்பில் இறுக்கிச் சுற்றினான். சென்சிடிவிட்டியைக் குறைத்தான். உப்புத் தண்ணீருக்கு ஏற்றபடி காயிலை மணலுக்கு மேலே தூக்கித் தூக்கி இறக்கி, இரைச்சல் அடங்கும்வரை குமிழைத் திருப்பினான். ஹெட்போனுக்குள் கிணற்றின் அமைதி வந்தது. வீசினான். இடது பக்கம் ஒன்றுமில்லை. நடுவில் ஒன்றுமில்லை. வலது பக்கம், முனகல்.

உடம்பில் இரும்பு இருந்தாலும் இப்படி ஆகும். கரையேறி வாட்ச், வண்டிச் சாவி, பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி அண்ணியின் மடியில் போட்டான். அங்கே மெஷினை எந்தப் பக்கம் வீசினாலும் அது வாயைத் திறக்கவில்லை.

"மோதிரம்?" என்றாள் அண்ணி.

"பட்டறையில தொலைஞ்சிருச்சுன்னு சொன்னேனே."

"ஆமா. சொன்னீங்க." அவன் விரலில் வெளுத்திருந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரும் வலது பக்கம் வீசவே மாட்டாரு. வண்டியில இருந்து விழுந்தப்போ தொடையில கம்பி வச்சாங்கல்ல, அது கிட்ட கொண்டுபோனா மெஷின் அழும். 'இதுக்கு என்னைக் கண்டாலே ஆகாதுடி'ன்னு சொல்லுவாரு. நீங்களும் இடது பக்கமாவே வீசுங்க."

அவன் காலில் கம்பி எதுவும் இல்லை.

திரும்ப இறங்கியபோது வெளிச்சம் மங்கியிருந்தது. தண்ணீரின் நிறம் ஈயம்போல ஆகியிருந்தது. அலை ஏறத் தொடங்கிவிட்டது. இடுப்பில் இருந்தது வயிற்றுக்கு வந்திருந்தது. அழுகிய பாசியின் வாடைக்கு நடுவே இன்னொரு வாடை வந்துவந்து போனது. அண்ணன் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய். அது தன் மனதுக்குள்ளிருந்துதான் வருகிறது என்று சொல்லிக்கொண்டான்.

வலது பக்கம் வீசாமல் இருந்தான். ஆனால் முனகல் இப்போது வீசாமலே கேட்டது. நாலு எட்டு தள்ளிப் போனான். கூட வந்தது. நின்றான். நின்றது. வலது தொடையை உரசினாற்போல, ஒரு ஆள் நிற்கிற தூரத்தில்.

ஹெட்போனைக் கழற்றினான். அலைச் சத்தம் மட்டும். மாட்டினான்.

முனகல்.

கரைக்கு ஓடிவிடலாம். ஆனால் நாளைக் காலை. மோதிரம். மனைவியின் பெயர். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இடது பக்கம் வீசினான்.

டிங்.

சின்னதாக, சுத்தமாக. தங்கத்தின் சத்தம். சல்லடைக் கரண்டியால் அள்ளினான், மணல்தான் வந்தது. அள்ளினான். மணல். காயிலை வைத்துப் பார்த்தான். அதே இடத்தில் டிங். ஏதோ அதைக் கெட்டியாகப் பிடித்துவைத்திருப்பதுபோல இருந்தது. கரண்டியை விட்டுவிட்டு, வலது கையில் மெஷினோடு முட்டி போட்டு உட்கார்ந்தான். தண்ணீர் மோவாயைத் தொட்டது. இடது கையை மணலுக்குள் விட்டுத் துழாவினான்.

விரல் நுனியில் வளையம். வழவழப்பு. உள்ளே எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துகள் தட்டுப்படவில்லை. வளையத்துக்குள் ஏதோ இருந்தது.

சில்லென்று. மெத்தென்று. விரல்.

கையை இழுத்தான். மணலுக்குள் இருந்தது புரண்டு, அவன் விரல்களை விரித்து, அவற்றுக்கு இடையே தன் விரல்களைக் கோத்துக்கொண்டது. சின்ன வயதில் ரோட்டைத் தாண்டும்போது அண்ணன் அப்படித்தான் பிடிப்பான். அவனுக்கு அந்தப் பிடி தெரியும். அதில் முரட்டுத்தனமே இருக்காது. விடவும் விடாது.

"அண்ணி."

ஒரு அலை வாய்க்குள் போயிற்று. துப்பினான்.

"அண்ணி, கை மாட்டிக்கிச்சு. வாங்க அண்ணி."

கரையில் அவள் எழுந்து நின்றாள். அவசரம் எதுவும் இல்லை. பையிலிருந்து இரண்டு துண்டுகளையும் எடுத்தாள். ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டாள். மற்றதை உதறி, மூலைக்கு மூலை சேர்த்து அழகாக மடித்து, திரும்பப் பைக்குள் வைத்து மூடினாள்.

ஹெட்போனில் முனகல் நகர்ந்தது. வலது பக்கத்திலிருந்து முன்பக்கம் போயிற்று. அவனைத் தாண்டிக் கரையை நோக்கி. தேய்ந்து, தேய்ந்து.

மணலுக்குள் பிடி தளரவில்லை.

"வந்துட்டீங்களா?" அண்ணியின் குரல் குழைந்திருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்கும் கரைக்கும் நடுவே இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாங்க. வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

அன்றைக்கு அண்ணன் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

அலை மூக்கைத் தொட்டது. விலகியது. தொட்டது. விலகுகிற நேரத்தில் மட்டும் அவனால் பார்க்க முடிந்தது. நடுத் தண்ணீரில் ஒரு தலை. அடுத்த விலகலில் ஒரு முதுகு. அடுத்ததில், வலது காலை இழுத்து இழுத்து மணலில் ஏறுகிற ஒரு ஆள். அண்ணி துண்டை இரண்டு கையாலும் அகலமாக விரித்துப் பிடித்தாள்.

அந்த ஆள் தலையைக் குனிந்து கொடுத்தான். அவள் துவட்டத் தொடங்கினாள்.