மாற்றி எழுதிய உயில்

மெத்தை இன்னும் சூடாக இருந்தது. விரிப்பை மாற்றக் குனிந்த சின்ன மருமகள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

மாமனார் விடியற்காலையிலேயே போய்விட்டார். உடலைப் பின்னறைக்குத் தூக்கிப்போய், வெள்ளைத் துணி போர்த்தி, ஜன்னலைச் சாத்தி அரை நாளுக்கு மேல் ஆயிற்று. வெளியே விடாத மழை. அறை முழுக்கத் தைலமும் ஈரச் சுவரும் கலந்த வாடை. அந்த மெத்தையில் மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல, நடுவில் ஒரு பள்ளமும் அதில் ஒரு வெதுவெதுப்பும்.

"என்ன மசமசன்னு நிக்கிற? வக்கீல் வந்துடுவாரு," என்றார் மூத்தார், புருஷனின் அண்ணன்.

அவள் அவசரமாக விரிப்பை உதறிப் போட்டாள்.

மாமனார் இரும்பு வியாபாரி. கடை, கிடங்கு, வீடு, வாடகைக்கு விட்ட கட்டடங்கள் எல்லாம் அவர் தேடியவை. பிள்ளைகள்மேல் அவர் கை வைத்ததே இல்லை. உயிலை வைத்தே ஆட்டிப்படைத்தார். சாப்பிடும்போது யாராவது குரலை உயர்த்தினால் மறுநாள் வக்கீல் வந்து நிற்பார். ஒருமுறை கிடங்கு மூத்தவன் பெயருக்குப் போகும். அடுத்த சண்டையில் சின்னவன் பெயருக்கு மாறும். கடைசியாக எழுதியதில் எல்லாமே வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு. வாலிபம் முழுவதையும் அந்தக் கடையில் துருப்பிடிக்கவிட்ட இரண்டு மகன்களுக்கும் வெறுங்கை.

ஆகவே, சாவை வெளியே சொல்வதற்கு முன்னால் இன்னொரு உயில் வேண்டியிருந்தது. அவள் புருஷனுக்கு அப்பாவின் குரல் அப்படியே வரும். அந்தக் குரலில் கடை போனில் அதட்டி எத்தனையோ பேரை நடுங்க வைத்திருக்கிறான். கட்டிலில் படுத்து நாலு வார்த்தை சொன்னால் போதும்.

"தப்பில்லையாங்க?" என்று காலையில் கேட்டாள்.

"அவரு பண்ணது மட்டும் நியாயமா?" என்றான். பிள்ளைகளை நினைத்து அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

"டேய், மோதிரம்! அது இல்லாம அப்பாவை வக்கீல் பார்த்ததே கிடையாது," என்றார் மூத்தார்.

புருஷன் பின்னறைக்குப் போனான். போனவன் வரவில்லை. மழை இரைச்சலுக்கு நடுவே, கனமான எதையோ தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம் நீளமாகக் கேட்டது. அப்புறம் யாரோ மூச்சுத் திணறி இருமினார்கள். அப்புறம் மழை மட்டும்.

வாசலில் மணி அடித்தது. பின்னறைக் கதவும் திறந்தது.

கம்பளியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து, ஒரு காலைத் தேய்த்தபடி வந்தான்.

மூத்தார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பாரேன், நடையிலயே அப்பாவை உரிச்சு வச்சிருக்கான்!"

அவன் சிரிக்கவில்லை. அவளைத் தாண்டிப் போய், மெத்தையின் பள்ளத்தில், அளவெடுத்ததுபோலப் போய்ப் பொருந்திக்கொண்டான்.

வக்கீல் இரண்டு சாட்சிகளோடு வந்து உட்கார்ந்தார். இந்த வீட்டுக்கு இப்படி ஓடிவருவது அவருக்குப் பழகிப்போன சங்கதி.

"சொல்லுங்க ஐயா. இந்தத் தடவை எப்படி?"

"கடை... பொண்ணுக்கு," என்றது கட்டில்.

மூத்தாரின் முகம் வெளிறியது. ஒத்திகை பார்த்த வார்த்தை அதுவல்ல.

"கிடங்கும் அவளுக்கு. வீடும் அவளுக்கு."

"அப்பா, கொஞ்சம் யோசிச்சு..." மூத்தார் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார்.

"வாயை மூடுறா."

அவள் கட்டிலை உற்றுப் பார்த்தாள். கணவன் மாமனாரின் குரலில் பேசி நூறு முறை கேட்டிருக்கிறாள். எப்போதும் அதன் அடியில் ஒரு குறும்பு ஒளிந்திருக்கும். இந்தக் குரலில் அது இல்லை. மூச்சு விடும் சத்தமும் இல்லை.

வக்கீல் பேனாவை நிறுத்தினார். "பெரிய தம்பிக்கு?"

"நாளைக்குச் சொல்றேன்."

"சின்னவருக்கு?"

கம்பளிக்குள் ஏதோ கரகரத்தது. சிரிப்புப்போல.

"அவனுக்குக் கொடுத்தாச்சு."

கையெழுத்துப் போட விரல் நடுங்கும், ரேகையே வைத்துக்கொள்ளலாம் என்றார் வக்கீல். "அம்மா, ஐயா கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க."

அவள் கம்பளிக்குள் கையை விட்டாள்.

சில்லிப்பு. மழைத்தண்ணீரில் கிடந்த இரும்பைத் தொட்டதுபோல. சுருங்கிய தோல். தளர்ந்து தொங்கும் மோதிரம். கட்டைவிரலில் நகம் இல்லை. வாலிபத்தில் கம்பிக்கட்டு விழுந்து நசுங்கிய மாமனாரின் விரல்.

அவள் கையை இழுக்கப் பார்த்தாள்.

அந்த விரல் தானாகவே மையைத் தொட்டது. தானாகவே தாளில் அழுந்தியது. பிறகு அவள் மணிக்கட்டை மெதுவாகத் தட்டிக்கொடுத்தது.

அவள் பின்னால் நகர்ந்தாள். கதவு. இருட்டான நடைவழி. பின்னறை. முன்னறையில் நாற்காலிகள் நகர்ந்தன. "நீங்க எழுந்திருக்காதீங்க ஐயா, நாங்க வர்றோம்," என்றார் வக்கீல். வாசல் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

வெள்ளைத் துணியின் நுனியைப் பிடித்தாள். இழுத்தாள்.

புருஷன்.

தாடையைச் சேர்த்துத் துணிக்கட்டு. மூக்கில் பஞ்சு. மார்பின்மேல் மடித்து வைத்த கைகள். விடியற்காலையிலேயே செத்தவனைப்போல உடம்பு கட்டையாக விறைத்திருந்தது.

முன்னறையில் கட்டில் முனகியது. மூத்தாரின் குரல், "எதுக்குடா இப்படிப் பண்ண?" என்று ஆரம்பித்தது. பாதியில் நின்றுவிட்டது.

தரையில் ஒரு கால் தேய்ந்தது. மறுபடி தேய்ந்தது. நடைவழியில். இன்னும் பக்கத்தில்.

புருஷனின் கண்கள் மட்டும் சாகவில்லை. அவை அசைந்தன. அவளைப் பார்த்தன. பிறகு அவளைத் தாண்டி, அவள் தோளுக்குப் பின்னால் நின்றதைப் பார்த்து, மெல்ல மெல்ல விரிந்தன.