காரணம்: ஈரம்

மகுடேஸ்வரன் ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டர் போட்டான். வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்து வந்து, பாலை ஊற்றி அடுப்பில் வைத்தான். பால் பொங்குவதற்குள் பல் துலக்கினான், சட்டையை அயர்ன் செய்தான், நேற்றைய டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். குளிக்கப் போகும்போது கொடியிலிருந்து துண்டை உருவினான். ஈரமாக இருந்தது.

அவன் இன்னும் குளிக்கவில்லை. அவனைத் தவிர வீட்டில் இருப்பது, அவனை வளர்த்த அத்தை தெய்வாத்தாள் மட்டும்தான். அவள் கணியூருக்குப் போய் மூன்று நாளாகிறது. துண்டை முகர்ந்து பார்த்தான். தலைக்குத் தேய்க்கும் அரப்புப் பொடியின் வாசம். அந்த வீட்டில் கடைசியாக அரப்பு கரைத்தது ஐந்து மாதத்துக்கு முன்பு, அவன் மனைவி அபிராமியின் உடலைக் குளிப்பாட்ட.

வேறு துண்டை எடுத்துக்கொண்டான்.

பதினொரு மணிக்கு மாமனார் மாரப்பன் மூலனூரிலிருந்து வருகிறார். கூடவே சின்ன மகள் சித்ராதேவியும் வருகிறாள். ஆவணியில் அவளுக்கும் இவனுக்கும் கல்யாணம் என்று பேச்சு. அபிராமியைத் தூக்கிய அன்றே அத்தை அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டாள்: "தங்கச்சியைக் கட்டிக்கச் சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனா." அபிராமி கடைசியாகப் பேசியதைக் கேட்டவன் இவன் ஒருவன்தான். அத்தை அப்போது அறையிலேயே இல்லை. ஆனால் இவன் மறுக்கவில்லை. மறுப்பதற்கு வாயைத் திறக்க வேண்டும். அன்று அதுகூட முடியவில்லை. நாள் போகப் போக அந்தச் சொல்லே நிலைத்துவிட்டது.

போன வாரம் மாரப்பன் போனில் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஊருக்குள்ள ஒரு பேச்சு இருக்குதுங்க மாப்பிள்ளை. உங்க ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவீங்க யாரும் முப்பதைத் தாண்டலீன்னு. நா நம்பலீங்க. ஆனா ஒண்ணைக் குடுத்துட்டனுங்களே. இன்னொண்ணைக் குடுக்கறதுக்கு முன்னால, அவீங்கெல்லாம் எந்த நோவுல போனாங்கன்னு மட்டும் பாத்துச் சொல்லிப்போடுங்க. எம்பட மனசு ஆறிக்கும்."

நேற்று லீவு போட்டுவிட்டுத் தாலுகா அலுவலகத்தின் பதிவறைக்குப் போயிருந்தான். பழைய தாளும் எலிப்புழுக்கையும் நாறும் அந்த அறையில், ஆத்தப்பன் என்ற எழுத்தர் இவன் ஊரான மண்ணரையின் இறப்புப் பதிவேடுகளைத் தட்டித் தட்டி எடுத்து வைத்தார். காரணம் என்ற கட்டத்தில் இருந்த சொற்கள் இவனுக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. ஆத்தப்பன் விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே போனார். வைசூரின்னா பெரியம்மை. க்ஷயம்னா டிபி. சன்னின்னா புள்ளை பெத்த பொறவு வர்ற காய்ச்சல். இசிவுன்னா ஆணி குத்தி வர்றது.

"அன்னிக்கு டாக்டரு ஏதுங்க தம்பி? ஊட்டுக்காரங்க சொல்றதையும் கண்ணுல பட்டதையும் மணியகாரர் எழுதிப்போடுவாரு. இங்க பாருங்க, ஒருத்தனுக்குக் காரணம் 'வீம்பு'ன்னு எழுதி வெச்சிருக்காரு. இப்பவா இருந்தா நம்ம ஆபீஸ்ல பாதிப் பேருக்கு அதைத்தான் எழுதோணும்."

அவர் சிரித்து முடிப்பதற்குள் இவன் கண்டுவிட்டான். 1911. கருப்பாத்தாள், வயது இருபது. இவன் தாத்தாவைப் பெற்றவள். காரணம்: ஈரம். 1913. காளியாத்தாள், வயது பத்தொன்பது. கருப்பாத்தாளின் தங்கை, அக்கா போன பிறகு அதே வீட்டுக்கு வாக்கப்பட்டவள். காரணம்: ஈரம். 1946. வெள்ளையம்மாள், வயது இருபத்து நான்கு. அப்பாவைப் பெற்றவள். கையெழுத்து வேறு, மை வேறு. ஈரம்.

"இது என்னங்க?"

"ஈரக் காத்துப் பட்டு நெஞ்சுல கபம் கட்டியிருக்கும்ங்க. நிமோனியான்னு வெச்சுக்குங்களே," என்றார் ஆத்தப்பன். ஆனால் குறிப்புக் கட்டத்தை அவர் படிக்கவில்லை. இவன் படித்தான். மூன்று வரியிலும் ஏறக்குறைய ஒன்றேதான் இருந்தது. குளிப்பாட்டும் முன்பே தலை நனைந்திருந்தது. அரப்பு மணம்.

இவன் அம்மா செத்தது 1981இல். சான்றிதழில் இதயம் நின்றது என்று இருக்கிறது. அபிராமிக்கும் அதேதான். அன்று மதியம் அவளைத் தூக்கியபோது தன் முழங்கை நனைந்ததை வியர்வை என்றுதான் நினைத்தான். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தரை ஈரமாகிறது, யாரோ தலை துவட்டாமல் நடக்கிறார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். பைப் லைன் கசியுது என்று பிளம்பரைக் கூப்பிட்டான்.

பனியன் கம்பெனியில் அவனுக்குக் குவாலிட்டி வேலை. குறை உள்ள பீஸில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இன்று காலை ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மூன்று பெயர்களையும் எழுதி, மூன்றுக்கும் நேரே நிமோனியா என்று எழுதினான்.

பதினொன்றே காலுக்கு ஆட்டோ வந்து நின்றது. மாரப்பன் தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாகத் தளர்ந்தது.

"சளிக் காய்ச்சலுங்களா! இதுக்குப் போயி ஊர்வாய் என்ன பேச்சுப் பேசுச்சு. இப்பத்தான் ஊசி மருந்து எல்லாம் இருக்குதுங்களே."

சித்ராதேவி வாசற்படி தாண்டி உள்ளே வந்தாள். பாவாடையை லேசாகத் தூக்கிக்கொண்டாள்.

"ஏனுங்க மாமா, நாங்க வர்றோம்னு ஊட்டக் கழுவி உட்டீங்களா? துடைக்கோணும்னு ஒருத்தரும் சொல்லித் தரலீங்களா? வழுக்கி உழுந்தா எம்பட பல்லுக்கு நீங்கதான் பதில் சொல்லோணும்."

அவன் தரையைப் பார்த்தான். காய்ந்திருந்த தரை. பத்து நிமிடத்துக்கு முன் அவனே துடைத்தது. இப்போது குளியலறையிலிருந்து கூடம் வரைக்கும் ஈரக் காலடித் தடங்கள், ஒவ்வொன்றும் கோடு போட்டாற்போல் தெளிவாக. வலது காலில் ஐந்து விரல். இடது காலில் நான்கு.

அபிராமிக்கு இடது சுண்டுவிரல் தரையில் படாது. கல்யாணமான புதிதில், குளித்துவிட்டு வந்தவளை நாலு விரல் பொண்டாட்டி என்று கேலி செய்திருக்கிறான்.

சித்ரா நாற்காலியில் உட்கார்ந்தாள். மின்வெட்டு நேரம். ஃபேன் நின்றது. தெரு முழுக்க ஓடிக்கொண்டிருந்த ஓவர்லாக் தையல் மிஷின்களும், நீராவி அயர்ன்களும், பக்கத்து வீட்டு ரேடியோவும் ஒரே மூச்சில் அடங்கிப்போக, அந்த அமைதியின் அடியில் அவ்வளவு நேரமாக இருந்துகொண்டேயிருந்த சத்தம் மேலே வந்தது.

சொட்டு.

சொட்டு.

"என்னமோ அரப்பு வாசமடிக்குது," என்றாள் சித்ரா. கழுத்தைத் தடவினாள். "குளுகுளுன்னு இருக்குது."

அவள் பின்னல் நுனியில் தண்ணீர். திரண்டது. விழுந்தது.

"அப்ப ஆவணியிலயே வெச்சுக்கலாங்க மாப்பிள்ளை," என்றார் மாரப்பன். கண் கலங்கியிருந்தார். "எம்புள்ள கடைசியாச் சொன்னதுங்க. அதைத் தட்டக் கூடாது."

நாற்காலிக்குப் பின்னால் இரண்டு காலடிகள் நின்றிருந்தன. முன்னும் போகவில்லை. பின்னும் போகவில்லை. அவற்றைச் சுற்றித் தண்ணீர் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. ஐந்து விரல். நான்கு விரல்.

அவன் வாயைத் திறந்தான். மாரப்பன் கையிலிருந்த தாளைப் பார்த்து மூடிக்கொண்டான். சித்ரா அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவள் நெற்றி மயிர் நனைந்திருந்தது.

இறந்த அன்று மதியம் அபிராமி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். கதவோரம் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"சித்ராவை இந்த ஊட்டுக்குக் கூட்டியாந்துராதீங்க. அப்புறம் அவளைக் கூட்டிட்டுப் போக நாந்தானுங்க வரோணும்."