ஒரு குழிக்கு ஒன்று

கணவனின் காலணியில் மண் இல்லை.

மத்தியானம் முழுக்கப் பின்புறத் தோட்டத்தில் குனிந்து பாத்தி கொத்தியவன், முன்வாசல் வழியாக உள்ளே வந்து, காலணியைக் கழற்றி, எப்போதும் போல் ஒன்றை நேராகவும் ஒன்றைக் கவிழ்த்தும் போட்டுவிட்டுப் போனான். கவிழ்ந்து கிடந்ததன் அடிப்பாகம் சுத்தமாக இருந்தது. தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு போட்ட காலை முக்காலியில் நீட்டி, சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவளுக்கு அது கண்ணில் பட்டது. துடைத்துவிட்டு வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் காலணியைத் துடைத்ததே இல்லை என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. சரி, பெண்டாட்டி கால் உடைந்தால் புருஷனுக்குப் பொறுப்பு வரக்கூடாதா என்ன.

தோட்டம் அவளுடையது. குளிர் விட்டு மண் இளகியதும் மக்கிய உரத்தைக் கிளறிப் போடுவது, பட்டாணி ஊன்றுவது, தக்காளி நாற்றுகளைச் சமையலறை ஜன்னலில் வெயில் காட்டித் தேற்றுவது எல்லாம் அவள் வேலை. இந்த வசந்தத்தில் உர மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்படியில் இறங்கியவள் வழுக்கி விழுந்தாள். படுக்கை மாடியிலிருந்து கீழே வந்தது. தோட்ட வேலை அவள் கையிலிருந்து வாய்க்கு வந்தது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் சொல்ல, அந்தப் பக்கம் அவன் செய்வான். பதில் பேச மாட்டான். அவன் ஊமைக்கோட்டான். மின்சார வேலைக்காரன். நாளெல்லாம் சுவருக்குள் கம்பி இழுத்து இழுத்துச் சுவராகவே ஆகிவிட்டான் என்று அவள் கேலி செய்வாள்.

அவளிடமும் ஒரு கோளாறு உண்டு. மிளகாயை இங்கே வை என்பாள். குழி பறித்த பிறகு அங்கே வை என்பாள். ஒரு வருஷம் ஒரு வெள்ளரிக்கொடி அப்படித் தோட்டம் முழுக்க ஊர்வலம் போய்ச் செத்தது. அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் வந்தது: முதலில் சொன்னதுதான் செல்லும். பிறகு அவள் எவ்வளவு கத்தினாலும் யாரும் காதில் வாங்கக் கூடாது. இரட்டைப் பெண்கள் இரண்டு பேரும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். "முதல்ல ஐஸ்கிரீம்னு சொன்னேம்மா. முதல்ல சொன்னதுதான்."

அன்றைக்குத் தூறல். தோட்டத்தில் குனிந்திருந்தவன் மழைக்கோட்டின் தொப்பியைத் தலைக்கு இழுத்து விட்டிருந்தான். முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஆழமாகக் கொத்தச் சொன்னாள், கொத்தினான். ஏற்கெனவே முளைத்திருந்த பட்டாணி வரிசைக்கு அவன் நகர்ந்ததும் ஜன்னலைத் திறந்து குரல் கொடுத்தாள். குழிக்கு இரண்டு விதை ஊன்றுவது அவள் வழக்கம். இரண்டும் முளைத்தால் மெலிந்ததைப் பிடுங்க வேண்டும். வருஷா வருஷம் அதற்குத்தான் அவளுக்கு மனசு வராது. பிடுங்கியதை எறியாமல் வேலி மூலையில் நட்டுத் தண்ணீர் விட்டு வைப்பாள். தூரத்தில் உட்கார்ந்திருப்பதால் இந்த முறை தைரியம் வந்திருந்தது.

"ஏங்க, ஒரு குழிக்கு ஒண்ணு போதும். ரெண்டு இருக்கற இடத்துல எல்லாம் நோஞ்சானைப் பிடுங்கிடுங்க. பாவம் பார்க்காதீங்க." ஒரு கணம் பொறுத்து, மனசு கேட்காமல் சேர்த்துச் சொன்னாள். "எறிஞ்சிடாதீங்க. அந்த மூலையில நட்டு வைங்க. பிழைச்சா பிழைக்கட்டும்."

முதுகு இன்னும் கொஞ்சம் குனிந்தது.

சாப்பிடும்போது பாத்தி அழகாக வந்திருக்கிறது என்றாள். கணவன் தட்டிலிருந்து நிமிர்ந்தான்.

"எந்தப் பாத்தி?"

"இன்னிக்கு மழைக்கோட்டு மாட்டிக்கிட்டுக் கொத்தினீங்களே."

"நானா? நான் இப்பத்தானே வேலையிலேர்ந்து வரேன்." கொஞ்சம் யோசித்தான். "பக்கத்து வீட்டுத் தபால்காரர் பண்ணியிருப்பாரு. என் கோட்டை மாட்டிக்கிட்டாரோ என்னவோ."

பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுநாள் காலையில் வேலிக்கு மேலே தலை காட்டிய தபால்காரரிடம் நன்றி சொன்னபோது, அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "விழுந்த ஸ்பூனை எடுக்கவே எனக்கு ஆள் வேணும்மா. நான் போய் மண்ணு கொத்தறதா?"

அன்று மத்தியானம் வெயில் மங்கலாக இருந்தது. வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை. பூவாளியிலிருந்து இலைகள் மேல் தண்ணீர் விழும் சத்தம் கேட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். மழைக்கோட்டு முதுகு வேலி மூலையில் குனிந்திருந்தது. பிடுங்கிய பட்டாணி நாற்றுகளை வரிசையாக நட்டு, ஒவ்வொன்றுக்கும் நிதானமாக நீர் விட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவு பொறுமை கணவனுக்குக் கிடையாது. யாராயிருக்கும் என்று யோசித்தபடியே தற்செயலாகப் பின்கதவைப் பார்த்தாள். கதவின் ஆணியில் கணவனின் மழைக்கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கை எட்டும் தூரம். தொட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது.

"யாரது?" என்றாள். "யாரு தோட்டத்துல? போதும். நிறுத்துங்க!"

முதுகு திரும்பவில்லை. பூவாளி ஆடாமல் அசையாமல் அடுத்த நாற்றுக்கு நகர்ந்தது. கோட்டின் கைகள் முடியும் இடத்தில் விரல்களைத் தேடினாள். ஈர மண்தான் தெரிந்தது. மண் பூவாளியின் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. பட்டாணிக்கொடி ஏறுவதற்காகக் கட்டிய மூங்கில் தட்டியின் பின்னால் அந்த முதுகு போனது. மறுபக்கம் வெளியே வரவில்லை.

கணவன் வந்ததும் சொன்னாள். அவன் டார்ச் எடுத்துக்கொண்டு தோட்டம் முழுக்கச் சுற்றிவிட்டு வந்து, அவள் தலையைத் தடவினான். வலி மாத்திரை அப்படித்தான் இல்லாததையெல்லாம் காட்டும் என்றான். தானே பார்த்த முதுகை மாத்திரையின் கணக்கில் எழுதிவிட அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

மாத்திரை தந்த தூக்கத்திலிருந்து அடுத்த நாள் நாற்காலியிலேயே கண் விழித்தபோது சமையலறையில் புதிதாகக் கொத்திய மண்ணின் வாடை அடித்தது. பின்கதவு தாழிட்டபடி இருந்தது. முழங்கைக்குப் பக்கத்தில், ஜன்னல் திட்டில், தக்காளி நாற்றுத் தட்டு. நேற்று வரை ஒவ்வொரு குழியிலும் இரண்டு தளிர் நின்ற தட்டு. இப்போது ஒன்று ஒன்றுதான் நின்றது. சுற்றிலும் மண்ணை மெல்ல அழுத்தி விட்டிருந்தது, வேர் ஆடாமல் இருக்க அவளே செய்வது போல. அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது. அவள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வேலி மூலையில் பட்டாணிக்கு அடுத்த வரிசையாகத் தக்காளித் தளிர்கள் நின்றன.

பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அழுதார்கள். கண்ணாடித் தொட்டியில் இருந்த இரண்டு மீன்களில் வால் கிழிந்த சின்ன மீனைக் காணோம். பூனை தூக்கிப் போயிருக்கும் என்றான் கணவன். பூனை தொட்டியின் மூடியைத் திறந்து, எடுத்து, மறுபடி மூடிவிட்டா போகும்? அவள் வேலி மூலையைப் பார்த்தாள். தக்காளிக்குப் பக்கத்தில் புது மண், ஈரமாக. நடுவில் ஆரஞ்சு நிறத்தில் சின்னதாக ஏதோ நிமிர்ந்து நின்றது. வாடாமல் இருக்க அதற்கு ஒரு இலையை நிழலாகச் சாய்த்து வைத்திருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ரெண்டு இருக்கற இடத்துல எல்லாம். அப்படித்தானே சொன்னாள்?

இரட்டையில் பெரியவள் பிறக்கும்போதே கொழுகொழுவென்று இருந்தாள். சின்னவள் கைக்குட்டைக்குள் சுற்றி வைக்கலாம் போல வந்தாள். அக்கா உள்ளேயே எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டாள் என்று பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். இன்றைக்கும் சின்னவளுக்குக் குளிர்ந்த காற்று பட்டால் மூச்சு இழுக்கும். மாடிப்படி ஏறினால் நடுவில் ஒரு தரம் உட்காருவாள். அவளை மடியில் போட்டுக்கொண்டு, என் நோஞ்சான் கண்ணு, என்று கொஞ்சியது வேறு யாருமில்லை.

பெண்கள் மாடிக்குப் போன பிறகு ஜன்னலைத் திறந்து வெறும் தோட்டத்திடம் பேசினாள். "நான் சொன்னது செடியை மட்டும்தான். கேக்குதா? வேற எதையும் தொடாதே. நான் சொன்னதை வாபஸ் வாங்கிட்டேன்." தட்டியின் பின்னால் மண்வெட்டி மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது. சீராக. அவசரமில்லாமல். வீட்டுச் சட்டம் அதற்கும் தெரிந்திருந்தது.

கணவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "சின்னவளை உங்க அக்கா வீட்ல கொண்டு போய் விடுங்க. ஒரே வீட்ல ரெண்டு பேரும் இருக்க வேண்டாம்."

"அவளை மட்டும் எதுக்கு?"

"கேக்காதீங்க. என்னைப் பைத்தியம்னே வெச்சுக்குங்க. கூட்டிட்டுப் போங்க."

அவள் அழுது அவன் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கொண்டு விடுகிறேன் என்றான். அதுவரை பெண்களின் கட்டில்களைத் தன் கட்டிலோடு சேர்த்துப் போட்டுக்கொண்டான். அவளால்தான் மாடி ஏற முடியாது. கீழே படுத்து, மேலே கேட்கும் மூன்று மூச்சில் இழுக்கும் மூச்சு எது என்று பிரித்துப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது கேட்கும் வரை நிம்மதி.

ஞாயிறு மத்தியானம் சின்னவளின் பை கட்டியாகிவிட்டது. சாப்பிட்ட களைப்பில் பெண்கள் மாடியில் தூங்கினார்கள். வண்டிக்கு பெட்ரோல் போட்டுவிட்டு உடனே வந்துவிடுவதாகக் கணவன் கிளம்பினான். போக வேண்டாம் என்றாள். தெருமுனை வரைக்கும்தானே என்று சிரித்து, அவள் திருப்திக்காகப் பின்கதவின் மேல்தாழ், கீழ்த்தாழ் இரண்டையும் போட்டுவிட்டுப் போனான். அவள் நாற்காலியை ஜன்னலிலிருந்து திருப்பி, மாடிப்படியைப் பார்த்து உட்கார்ந்தாள். யார் ஏறினாலும் அவளைத் தாண்டித்தான் ஏற வேண்டும்.

படியில் யாரும் ஏறவில்லை. யாரும் இறங்கவில்லை. கண்ணை அவள் எடுக்கவே இல்லை. கடிகாரம் ஓடியது. மேலே இழுக்கும் மூச்சு கேட்டது. குழாய் சொட்டியது. மூச்சு கேட்டது. மண் வாடை.

மூச்சு கேட்கவில்லை.

"சின்னு," என்றாள். "சின்னும்மா!"

மாடியில் சின்னப் பாதங்கள் ஓடின. கண்ணைக் கசக்கிக்கொண்டு படியின் உச்சியில் வந்து நின்றது பெரியவள்.

"அம்மா, சின்னு இல்லம்மா. கட்டில்ல மண்ணா இருக்கு."

எழுந்தாள். மாவுக்கட்டு முக்காலியில் மோதி, தரையில் விழுந்தாள். முழங்கையை ஊன்றி இழுத்து இழுத்துப் பின்கதவுக்குப் போனாள். கீழ்த்தாழ் கைக்கு எட்டியது. மேல்தாழ் எட்டவில்லை. திட்டைப் பிடித்து ஜன்னலுக்கு ஏறினாள். வெளியே பூவாளியிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

வேலி மூலை. பட்டாணி, தக்காளி, மீன். அடுத்ததாகச் சின்னவள். இடுப்பு வரை மண்ணில். பூப்போட்ட சட்டை. பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றி, தண்டு நெரியாமல் பழைய துணிக் கிழிசலால் தளர்வாகக் கட்டியிருந்தது. தலை தொங்கியிருந்தது. புதிதாக நட்டது முதல் நாள் அப்படித்தான் தொங்கும். பிழைக்குமா என்று மறுநாள்தான் தெரியும்.

மழைக்கோட்டு மண்டியிட்டு, குழந்தையைச் சுற்றி மண்ணை இரண்டு பக்கமும் மெல்ல அழுத்தியது. பூவாளியைக் கீழே வைத்தது. நிமிர்ந்தது. முதல் முறையாக ஜன்னல் பக்கம் திரும்பியது.

தொப்பிக்குள் ஈர மண், வேர்கள். பணிவாகத் தலை சாய்த்து நின்றது. அடுத்த வேலைக்காக.

அவள் தொண்டைக்குள் மகளின் பெயர் எழுந்தது. தோண்டு என்ற சொல், எடு என்ற சொல், விடு என்ற சொல். முதலில் எது வந்தாலும் அதுதான் செல்லும். அவள் இரண்டு கைகளாலும் தன் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

பின்னால், படியில் தடதடவென்று இறங்கி வந்த பெரியவள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள். பிறகு வெளியே பார்த்துக் கத்தினாள். "ஏய்! என் தங்கச்சியைப் பிடுங்கு!"

மழைக்கோட்டு பணிவாகத் தலையாட்டியது. குனிந்து, சின்னவளின் கழுத்தடியில் இரண்டு கைகளையும் வைத்தது.