படையல் நின்ன வருசம்

ஸ்ரீவில்லிபுத்தூர்ல பழைய பஞ்சு குடோன் ஒண்ண வாடகைக்குப் பிடிச்சு மியூசியம் வைக்காகன்னு கேள்விப்பட்டப்ப எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. தெருவுல செருப்புப் போட்டு நடக்க, டீக்கடை பெஞ்சுல உக்கார, ஊர்க்கிணத்துல தண்ணி எடுக்கன்னு நம்ம பக்கத்துச் சேரிச் சனம் பட்ட அடிய எல்லாம் கண்ணாடிப் பெட்டியில வச்சுக் காட்டப் போறாகளாம். எவன் வந்து பாப்பான்னு நக்கல் பண்ணுன நானே, வைகாசி மாசம் ஒருநா காலையில மஞ்சப்பையோட அந்தக் குடோன் வாசல்ல போய் நின்னேன்.

உள்ள பழம்பஞ்சு வாடை. மியூசியத்தப் பாத்துக்கிடுற பொண்ணு ஷெரின், ஏணியில நின்னு போட்டோ மாட்டிக்கிட்டு இருந்துச்சு. மேசையில பையக் கவுத்தேன். பொம்பள போடுற தோல் செருப்பு, ஒரு ஜோடி. விரைச்சுப் போய்க் கெடந்துச்சு.

"யாருது அண்ணாச்சி?"

"சுடலைமாடத்தியோடது."

அந்தப் பேரக் கேட்டதும் ஷெரின் ஏணியிலயே உக்காந்துட்டா.

அறுவது வருசத்துக்கு முன்ன மம்சாபுரத்துல சேரியில இருந்து வந்து எங்க தெருவழியா செருப்புக் காலோட நடந்த மொத மனுசி சுடலைமாடத்தி. எங்க சாதிக்காரக பிடிச்சுட்டாக. சித்திரை வெயில்ல, உச்சி நேரம், களத்துப் பாறையில வெறுங்காலோட நிக்க வச்சாக. உக்காந்தா அடி. காலைத் தூக்குனா அடி. சாயங்காலம் எறக்குனப்ப உள்ளங்கால் தோல் பாறையிலயே ஒட்டிக்கிச்சு. மூணாம் நாள் செத்துப்போனா. அடையாளம் தெரியாத நபர்கள்னு எழுதிக் கேச மூடிட்டாக.

கம்போட முன்னாடி நின்னது என்னப் பெத்த அய்யா சோலைச்சாமி. அந்தச் செருப்ப வீட்டுக்குக் கொண்டாந்ததும் அவியதான்.

அடுத்த வருசமே எங்க வீட்டுல ரெண்டு பச்சப்புள்ள போச்சு. கொன்னவுகளே அஞ்சிப் போய்க் கும்பிடுறது எங்க பக்கத்து வழக்கம். செண்பகத்தோப்புப் பக்கம் எங்க காட்டுல ஒரு கல்ல நட்டு, செருப்பு ஆத்தான்னு பேரு வச்சு, வருசாவருசம் ஆடிக் கடைசிச் செவ்வாய்க்கு ஒரு ஜோடி புதுச்செருப்பும் கருவாட்டுச் சோறும் படைப்போம். யாரு என்னன்னு எங்க பிள்ளைகளுக்குச் சொல்றதில்ல.

எனக்கு அந்தப் படையல் சலிச்சுப் போச்சு. செருப்ப மியூசியத்துல குடுத்துட்டா அவளுக்கு ஊரறிய மரியாதை, எனக்கும் தலைமுழுக்குன்னு கணக்குப் போட்டேன். எம்புட்டுப் பெரிய மடையன் நான்!

ஒரே ஒரு கண்டிசன் போட்டேன். "கொன்னது யாருன்னு போர்டுல வரக்கூடாது."

"பேரு இல்லாம எப்படி அண்ணாச்சி?"

"கேசுலயே இல்ல. ஒன் போர்டுல எதுக்கு?"

அவ செருப்பக் கையில எடுத்துப் பாத்தா. விட மனசில்ல. சரின்னுட்டா. 'கொடுத்தவர்: வேல்பாண்டி, மம்சாபுரம்'னு மட்டும் எழுதி வச்சா. எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு.

ஆடிக் கடைசிச் செவ்வா வந்துச்சு. நான் காட்டுப் பக்கம் எட்டிப் பாக்கல.

மறுநா மத்தியானம் எம்மக கல்பனா அலறுனா.

இருவத்தொரு வயசு. போலீஸ் செலக்சனுக்கு ரெண்டு வருசமா ஓடிக்கிட்டு இருந்த பிள்ளை. ஃபேனுக்கு அடியில கட்டில்ல படுத்துக் கெடந்தவளுக்கு ரெண்டு உள்ளங்காலும் செவந்து கொப்புளிச்சுக் கெடந்துச்சு.

அறை முழுக்கத் தோல் கருகுற வாடை.

நாலு மணிக்குத் தானா அடங்குச்சு. மறுநா பன்னெண்டுக்குத் திரும்ப வந்துச்சு. ராஜபாளையத்துல காட்டுன டாக்டர், வெந்நீர்ல கால வச்சியாம்மான்னு கேட்டாரு.

ஷெரின் போன் பண்ணுனா. "அண்ணாச்சி, மத்தியானம் ஆனா அந்தக் கண்ணாடிப் பெட்டியத் தொட முடியல. கை வெந்துருச்சு. பேர எழுதிருவோமா?"

"வாய மூடு"ன்னு போன வச்சுட்டேன்.

செலக்சனுக்குப் பதினெட்டு நாள் இருந்துச்சு. கல்பனா என் கையப் பிடிச்சுக்கிட்டு, "எப்படியாவது என்னிய ஓட வச்சிருங்கப்பா. வேற ஒண்ணும் வேணாம்"னு அழுதா.

எங்க அய்யாட்ட போனேன். நாலு வருசமா எந்திரிக்காமக் கெடக்கிற கட்ட. காதுக்கிட்ட குனிஞ்சு எல்லாத்தையும் சொன்னேன்.

"பொட்டப்பிள்ள கால் போனா போகுது. எம்பேரு அந்தச் சுவத்துல ஏறுச்சுன்னா, நீ எனக்குக் கொள்ளி வைக்காதலே."

நான் அந்தப் பேச்சக் கேட்டேன். பதினேழு நாளும் கேட்டேன். மக மத்தியானம் முழுக்கத் துணியக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தா. நான் கதவச் சாத்திட்டு வெளிய நின்னேன். பாவி நான். வேற என்னத்தச் சொல்ல?

பதினெட்டாம் நாள் ராஜபாளையத்துல காலையில ஓட வேண்டிய பிள்ளைகள வரிசையில நிறுத்தியே நேரத்தக் கடத்திட்டாக. கல்பனா பேரக் கூப்பிடும்போது மணி பன்னெண்டு.

ஓடுனா. கூட ஓடுனதுக எல்லாத்தையும் முந்திக்கிட்டு ஓடுனா. பாதித் தூரத்துல விழுந்தா.

அவ ஓடுன தடத்துல தோல் ஒட்டிக் கெடந்துச்சு.

ஆஸ்பத்திரியில போட்டுட்டு, சட்டையெல்லாம் ரத்தத்தோட நேரா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டிய விட்டேன். "எழுதும்மா. எங்க அய்யா. சோலைச்சாமி." ஷெரின் கட்டுப்போட்ட கையாலயே மார்க்கர எடுத்து எழுதுனா. எழுதி முடிக்கவும் ஆஸ்பத்திரியில இருந்து போன். கல்பனாவுக்கு வலி நின்னுபோச்சாம். நான் குடோன் தரையில உக்காந்து ஓன்னு அழுதேன்.

வீட்டுக்கு வந்தா அய்யா கட்டில் காலியா கெடக்கு.

களத்துப் பாறையில நின்னாரு. நாலு வருசமா எந்திரிக்காத மனுசன், வெறுங்காலோட, விரைப்பா.

"உக்காரச் சொல்லுலே," முனங்குனாரு. "விட மாட்டேங்கா."

பக்கத்துல யாரும் இல்ல. கட்டிப் பிடிச்சுத் தூக்கிப் பாத்தேன், அசைக்க முடியல. நாலு பேரு சேந்து இழுத்தோம். எலும்பு முறியுற சத்தம் கேட்டு விட்டுட்டோம். பொழுது சாஞ்ச பொறவுதான் விழுந்தாரு. உசுரு இல்ல.

கொள்ளி வச்சேன். எல்லாம் தீந்துச்சுன்னு மூணாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கல்பனா காலுக்குக் கட்டுப் போட்டுத் தூங்கிக்கிட்டு இருந்தா. நெத்தியத் தடவிக் குடுத்தேன்.

கண்ணத் தொறக்காமப் பேசுனா. அது எம்மக குரல் இல்ல.

"ஏலே வேல்பாண்டி. என்னிய நிக்க வச்சது உங்கய்யா."

அந்தக் கை என் மணிக்கட்ட இறுக்கிப் பிடிச்சுச்சு.

"இந்தப் பிள்ளைய இத்தன நாளா நிக்க வச்சது யாருலே?"

ஷெரினுக்குப் போன் போட்டேன். எடுத்துட்டா. சொல்லுங்க அண்ணாச்சி, சொல்லுங்க அண்ணாச்சிங்கா. எம்பேரச் சொல்ல எனக்கு வாய் வரல.

காலுக்குக் கீழ ஆஸ்பத்திரித் தரை மெதுவாச் சூடேற ஆரம்பிச்சுச்சு.